தூக்குக் கயிற்றுக்குக் கூட்டல் கழித்தல்

21 ஜனவரி 2025. வந்த கேள்வி

"சார், நேற்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரைக் கொன்றவனுக்குச் சியால்தா நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறது. காதலனுக்குக் கஷாயத்தில் நஞ்சு கலந்து கொடுத்த பெண்ணுக்கு நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தூக்கு விதித்திருக்கிறது. பலருடைய நன்மையைக் கூட்டி, தீமையைக் கழித்து, மீதியைப் பார்ப்பதே அறம் என்று புள்ளியியல் வகுப்பின் நடுவே பயன்பாட்டுவாதத்தை விளக்குவீர்களே, அந்தக் கணக்குப்படி இருவரையும் தூக்கிலிடுவதுதானே சரி? ஓர் உயிர் போனால் பத்து உயிர் பிழைக்குமே?"

21 ஜனவரி, இரவு

சரியில்லை. பயன்பாட்டுவாதத்துக்கு வடிவம் கொடுத்த ஜெரமி பெந்தமே மரண தண்டனையை எதிர்த்தவர். தண்டனை என்பது தன்னளவில் ஒரு தீங்கு. அதைவிடப் பெரிய தீங்கை அது தடுக்கும் என்று காட்டினால் ஒழிய அதைச் செய்யக் கூடாது. குறைந்த வலியில் அதே பயன் கிடைக்குமானால் கூடுதல் வலிக்கு நியாயமே இல்லை. விவாதம் இத்துடன் முடிந்தது.

22 ஜனவரி, காலை

முடியவில்லை. பெந்தமின் பெயரைச் சொல்லி வாயை அடைக்கப் பார்த்தேனே தவிர, கேள்விக்கு விடை சொல்லவில்லை. அவரும் இளமையில் கொடிய கொலைகளுக்குத் தூக்கை ஒப்புக்கொண்டவர்தான். இறப்பதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன், பிரான்சு மக்களை நோக்கி எழுதியபோதுதான் அதை அடியோடு ஒழிக்கச் சொன்னார். அதைவிடப் பெரிய ஓட்டை, அதே மரபில் வந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1868 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தூக்குத் தண்டனையை நீக்கக் கூடாது என்று பேசியிருக்கிறார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாய்ப்பாடு, இரண்டு விடை.

(பெந்தம் இன்றும் லண்டனில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உடையணிந்து உட்கார்ந்திருக்கிறார். தம் உடல் அறுவை வகுப்புக்கும் அதன்பின் காட்சிக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். பிணத்திலும் பயன் பார்த்த மனிதரை வேறு எதற்காகவும் குறை சொல்லலாம், கொள்கைப் பிடிப்பு இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.)

24 ஜனவரி

மில்லின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஒருவனைச் சட்டென்று கொல்வதைவிட, உயிரோடு கல்லறையில் வைப்பதைப் போல ஆயுள் முழுவதும் கடும் உழைப்புடன் அடைத்துவைப்பது கொடுமை என்கிறார். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தூக்குத்தான் பயங்கரமாகத் தெரிகிறது. அனுபவிப்பவனுக்குக் குறைந்த வலி, பார்ப்பவனுக்கு மிகுந்த அச்சம். ஆகவே செலவு குறைவு, வரவு அதிகம். பெந்தமின் அளவுகோலைக் கொண்டே பெந்தமை மடக்குகிறார்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதாகி, 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற ஆணையால் விடுதலையானார். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர் ஐம்பதை ஒட்டி வெளியே வந்தார். அந்த முப்பத்தோர் ஆண்டுகளின் ஒவ்வொரு இரவையும் தனித்தனியே எடுத்து வைத்தால், தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மில் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்றே தோன்றுகிறது.

24 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இல்லை, ஒன்றை விட்டுவிட்டேன். எது பெரிய வலி என்பதை மில் தம் இருக்கையில் இருந்துகொண்டு முடிவு செய்கிறார். கயிற்றின் அடியில் நிற்பவர்களைக் கேட்டால் விடை எப்போதோ கிடைத்திருக்கும். தூக்கை ஆயுளாகக் குறைக்கச் சொல்லிக் கருணை மனு எழுதுபவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். ஆயுளைத் தூக்காக மாற்றச் சொல்லி மனு எழுதுபவர் ஏறக்குறைய இல்லை. அவரவர் இன்பதுன்பத்துக்கு அவரவரே சிறந்த நீதிபதி என்று ஊருக்கெல்லாம் சொன்ன மில், கைதிக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுக்கவில்லை.

27 ஜனவரி

"பத்து உயிர் பிழைக்கும்" என்ற எண்ணுக்கு வருகிறேன். இதற்கு ஒரு மூதாதை உண்டு. ஐசக் எர்லிக் என்ற பொருளியலாளர் 1975-இல், 1930-கள் முதல் 1960-கள் வரையிலான அமெரிக்கத் தரவுகளை வைத்து, ஒரு தூக்கு ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்கிட்டார். அதே தரவில் சில ஆண்டுகளை விட்டுவிட்டாலோ, சமன்பாட்டின் வடிவத்தைச் சற்று மாற்றினாலோ அந்த எட்டு காணாமல் போகிறது என்று மற்றவர்கள் உடனே காட்டினார்கள். பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு மேல் ஆய்வாக வந்து, ஒருவர் தடுக்கிறது என்றும், ஒருவர் தடுக்கவில்லை என்றும், ஒருவர் கொலையைக் கூட்டுகிறது என்றும் எழுதி முடித்தபின், 2012-இல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் அனைத்தையும் பரிசீலித்து, இவை எதையும் கொண்டு கொள்கை முடிவு எடுக்கக் கூடாது என்றது. தடுக்கவில்லை என்று அந்த மன்றம் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னது. என் தரப்பு நண்பர்கள் இதைத் தங்கள் வெற்றியாகப் பகிர்வதைப் பார்க்கும்போது பழைய விடைத்தாள் திருத்தும் கை துடிக்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடத் தரவு இல்லை. 2004-இல் ஒருவர், 2012-இல் ஒருவர், 2013-இல் ஒருவர், 2015-இல் ஒருவர், 2020-இல் நால்வர்: இந்த நூற்றாண்டில் இதுவரை எட்டுப் பேர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்த கொலை வழக்குகள் 28,522. எட்டுப் புள்ளிகளை வைத்துக்கொண்டு கோடு வரைய வரும் மாணவனை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். தமிழ்நாட்டின் கடைசித் தூக்கு 1995-இல் சேலம் மத்தியச் சிறையில் நடந்தது. அதன்பின் பிறந்து, கல்லூரி முடித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்தக் கயிறு அச்சுறுத்தியது?

29 ஜனவரி

நேற்று எழுதாமல் விட்டதற்குக் காரணம், எங்கள் ஊரிலேயே இதற்கான ஒரு சோதனை நடந்திருப்பது நினைவுக்கு வந்ததுதான். நாகர்கோவில் முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 நவம்பர் வரை மலையாள ஆட்சியின் கீழ் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை நீக்கியது. இந்திய ஒன்றியத்தின் சட்டம் வந்தபோது கயிறும் திரும்பி வந்தது. 1945 முதல் 1950 வரை, தூக்கு இல்லாத காலத்தில், 962 கொலைகள்; 1950 முதல் 1955 வரை, தூக்கு இருந்த காலத்தில், 967 கொலைகள். என் தாத்தா ஏர் பிடித்த மண்ணில், அவர் காலத்திலேயே, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

30 ஜனவரி

மேலே உள்ள குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். முப்பது ஆண்டு புள்ளியியல் நடத்தியவன் எழுதக் கூடிய வாக்கியம் அல்ல அது. அந்தப் பத்து ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியது; ஆகவே கொலை எண்ணிக்கை மாறாமல் நின்றது என்றால், ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற விகிதம் சற்றுக் குறைந்திருக்க வேண்டும். தூக்கை ஆதரிப்பவர் இதே எண்ணைத் திருப்பிப் பிடித்து, "பார்த்தீர்களா, கயிறு வந்ததும் விகிதம் இறங்கியது" என்று சொல்லலாம். போதாததற்கு 1949-இல் கொச்சி வந்து சேர்ந்தது. எல்லையும் மாறியது, போலீசும் மாறியது.

தூக்கை நீக்கிய அதே திவான் ஆட்சிதான் 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயிர்கள் 962-க்குள் வருமா வராதா? அரசு எடுக்கும் உயிரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதே முடிவாகாத ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு நேற்று மார்தட்டியிருக்கிறேன்.

3 பிப்ரவரி

"சிங்கப்பூரைப் பாருங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பார்த்தேன். சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் அருகருகே வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் செய்த ஒப்பீடு உண்டு: 1994-இல் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்ட நகரம் ஒன்று, 1966-க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடாத நகரம் மற்றொன்று. இரண்டிலும் கொலை விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கியது. மேலும் அந்தக் கயிற்றில் தொங்கியவர்களில் பலர் போதைப்பொருள் சுமந்தவர்கள். 2022 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழ் இளைஞர் 43 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை கடந்தவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று அவர் தரப்பில் வாதிட்டார்கள். தண்டனையின் அச்சம் வேலை செய்ய வேண்டுமானால் வரவையும் செலவையும் நிறுத்துப் பார்க்கும் ஒருவர் தேவை. நிறுத்துப் பார்த்தவன் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்தான்.

8 பிப்ரவரி

ஒரு நண்பர் குறளை அனுப்பியிருக்கிறார். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." பெந்தமுக்குப் பல நூற்றாண்டு முன்பே வள்ளுவர் பயன்பாட்டுவாதம் பேசிவிட்டார், களை பிடுங்கினால் பயிர் வாழும், தீர்ந்தது என்கிறார். பரிமேலழகரும் அவர் பக்கம்தான்: கொடியவர்களைக் கொலையால் ஒறுத்துத் தக்கோரைக் காத்தல் என்று உரை சொல்கிறார். "கொலையிற் கொடியார்" என்று சேர்த்துப் படித்தால் கொலை, குற்றவாளியின் செயல் ஆகும். "கொலையின் ஒறுத்தல்" என்று பிரித்துக் கூட்டினால் கொலை, அரசனின் செயல் ஆகும். ஒரு சொல்லை எங்கே சேர்ப்பது என்பதில் ஒரு தலை இருக்கிறது. ஆயினும் உவமையை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. களை எடுக்கும் வயலில்தான் வளர்ந்தேன்.

எங்கள் வயலில் கும்பப்பூ நடவு முடிந்து மூன்று நான்கு வாரத்தில் களையெடுப்பு. கோரையைக் குழந்தையும் அடையாளம் காணும். தொல்லை கொடுப்பது குதிரைவாலி இனத்துப் புல். நெல்லின் உயரம், நெல்லின் பச்சை, நெல்லின் நிற்கும் தோரணை. இலை தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் விலக்கிப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைப் போல நிற்கும், புல்லில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். எங்களுக்குக் களையெடுக்க வந்த மூதாட்டி ஒருவர் அதைப் பார்க்காமலே, கைபட்ட மாத்திரத்தில் சொல்வார். அவரும் நாள் முடிவில் வரப்பில் குவிந்த கட்டைக் கிளறி, நாலைந்து நெற்பயிரைப் பொறுக்கி எடுத்துத் தனியே வைப்பார். மாலை வெயிலில் அவை வாடிக் கிடக்கும். உழவனுக்கு அது நட்டமே இல்லை. ஏக்கருக்கு லட்சக்கணக்கான தூரில் நாலு போனால் என்ன? வயலைக் கூட்டிப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு பயிரும் ஒன்றுதான். இந்த உவமையில் எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

(பாண்டியனையும் கோவலனையும் இங்கே யாரும் அழைத்துவர வேண்டாம். அந்தச் சிலம்பை எல்லோரும் உடைத்தாகிவிட்டது.)

பின்சேர்க்கை: கஷாயத்தில் கலக்கப்பட்டது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்பதை வேறொரு நண்பர் நினைவூட்டுகிறார். சொல்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

9 பிப்ரவரி

நேற்றைய குறிப்பை எழுதியபின் தூங்கவில்லை. இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1986-இல் பேருந்து நிறுத்தத்தில் என் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். சில வாரம் கழித்துச் சிறைக்குள் அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னிலையில், கிட்டத்தட்ட ஒரே வயதும் உயரமும் உள்ள பத்துப் பேர் சுவரோரம் நின்றார்கள். ஒன்பது பேர் நேராகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தலை குனிந்து, வலது கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அந்தக் கீறலைப் பார்த்ததும் அவர் முகமும் என் நினைவில் இருந்த முகமும் ஒன்றாகிவிட்டன. விரல் நீட்டினேன். சந்தேகம் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நூற்றுக்கு நூறு என்று சொன்னேன். அந்தச் சொற்களையே சொன்னேன்.

மூன்று மாதத்துக்கு மேல் கழித்து, அடகுக் கடை ஒன்றில் சங்கிலி கிடைத்தது. வைத்தவன் வேறொருவன், ஒப்புக்கொண்டான், இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொன்னான். நான் சுட்டியவரை விட்டுவிட்டார்கள். பிற்பாடு ஒரு நாள் வடசேரி பக்கம் ஒரு தேநீர்க் கடையில் அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அது சங்கிலித் திருட்டு. கொலையாக இருந்திருந்தாலும் நான் அதே நூற்றுக்கு நூறைத்தான் சொல்லியிருப்பேன்.

15 பிப்ரவரி

நண்பர்கள் சொல்வது: "உங்கள் சாட்சியம் ஒன்றை வைத்து யாரையும் தூக்கிலிட மாட்டார்கள். மேல்முறையீடு இருக்கிறது, உச்ச நீதிமன்றம் இருக்கிறது." மில்லும் இதைத்தான் சொன்னார். பிழையான தீர்ப்பு என்ற வாதத்துக்குத் தனி மதிப்புக் கொடுத்துவிட்டு, இங்கிலாந்தின் நீதிமுறையில் அது மிக மிக அரிது என்று கடந்துபோனார். அதே இங்கிலாந்து 1950-இல் திமொத்தி எவன்ஸ் என்பவரைத் தம் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிட்டது. அவருக்கு எதிராகக் கூண்டேறிய முக்கிய சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்துக்காரர், தொடர் கொலைகாரர் என்பது மூன்று ஆண்டு கழித்து வெளிப்பட்டது. 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்குக் கொலை வழக்கில் தண்டனை. உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஒப்பாமல் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2019-இல், ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர்கள் உள்ளே இருந்தது பதினாறு ஆண்டு. ராஜீவ் காந்தி வழக்கில் 1998-இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது இருபத்தாறு பேருக்கு; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது நால்வருக்கு; பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். கடைசியில் தூக்கிலிடப்பட்டவர் எவரும் இல்லை. வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை வாங்கியபோது அது எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று அதைப் பதிவுசெய்த அதிகாரியே, ஓய்வுபெற்றபின், 2013-இல் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து.

இவ்வளவு நாள் சுற்றிச் சுற்றி வந்ததற்கு இப்போதுதான் பிடி கிடைத்தது. பயன்பாட்டுவாதி தூக்கை நியாயப்படுத்துவது அது தரும் அச்சத்தைக் கொண்டு. அச்சம் பிறக்க வேண்டுமானால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடைவெளி குறைய வேண்டும். 1764-இலேயே பெக்காரியா என்ற இத்தாலியர் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் பிழையைக் கண்டுபிடிப்பது காலம் ஒன்றுதான்: அந்த அறுவருக்குப் பதினாறு ஆண்டு, அதிகாரியின் நாவுக்கு இருபத்திரண்டு ஆண்டு, எனக்கு மூன்று மாதம். காலத்தைச் சுருக்கினால் நெல்லும் புல்லோடு போகும். நீட்டினால் அச்சம் என்ற வரவே கணக்கிலிருந்து நழுவிவிடும். விரைவு நீதிமன்றம் வேண்டும் என்றும், நிரபராதி ஒருவரும் சாகக் கூடாது என்றும் ஒரே மூச்சில் கேட்பவர், ஒரே காசை இரண்டு கடையில் செலவழிக்கப் பார்க்கிறார்.

22 பிப்ரவரி

"மக்களின் மன நிறைவும் பயன்தானே? அதை ஏன் கூட்டவில்லை?" நல்ல கேள்வி; பெந்தமே பழிதீர்ந்த நிறைவை ஒரு வரவாக ஒப்புக்கொண்டவர். நிர்பயா வழக்கின் நால்வரைத் தூக்கிலிட்ட 2020 மார்ச் 20 விடிகாலையில் திகார் சிறை வாசலில் இனிப்பு வழங்கியவர்களின் மகிழ்ச்சி பொய்யானது அல்ல. ஆனால் அதைக் கூட்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, மருத்துவர் ஒருவரைக் கொன்றதாகப் பிடிபட்ட நால்வரைப் போலீசார் விடியலில் சுட்டுக் கொன்றபோது, மேம்பாலத்திலிருந்து அந்தப் போலீசார் தலையில் மக்கள் பூத்தூவினார்கள். மகிழ்ச்சிதான் அளவு என்றால் அதற்கு வழக்கறிஞர் செலவும் இல்லை, கருணை மனுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தபோது, பூக்களைத் திரும்பப் பொறுக்க யாரும் போகவில்லை.

1 மார்ச்

முதலில் கேள்வி கேட்ட மாணவர் இப்போது நேராகவே கேட்கிறார்: "நாளைக்கே ஒரு தூக்கு பத்து உயிரைக் காக்கும் என்று ஐயம் திரிபற நிரூபித்தால், ஒப்புக்கொள்வீர்களா சார்? உங்கள் மகளாக இருந்தால்?"

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு, ஒப்புக்கொண்டாக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கணக்கை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, விடை பிடிக்காதபோது வழிமுறையை மாற்றுவது நேர்மை அல்ல. ஒப்புக்கொள்வேன், அன்றிரவு தூங்க மாட்டேன். அப்போதும், பிழையாகத் தொங்கவிடப்படும் அந்தச் சிலரின் பெயரை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வேன். தர முடியாது என்பதற்காகவே கேட்பேன். இது வாதம் அல்ல, அடம். தெரிந்தே எழுதுகிறேன். இரண்டாவதற்கு, கயிற்றை நானே திரிப்பேன். அதனால்தான் அந்த வழக்கில் என்னை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

2 மார்ச்

அவரே மீண்டும்: "அந்தத் தேநீர்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?"

இல்லை. அவர் கிளாஸை நீட்டினார், வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார், போதும் என்றேன். காசை மேசையில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.